மழைக்காலத்துச் சும்மாடு

“வலிக்குதான்னு கேக்க வாய் இருக்குது. வலிச்சா என்னா பண்ணணும்னு தெரியுமாடி உனக்கு?”

எங்கள் வீட்டு வாசல்படியில் நின்றபடி அத்தை கேட்டது இது. கார்த்திகை மாதம். மரக்காணத்து உப்பளங்கள் எல்லாம் மழைத்தண்ணீருக்கு அடியில் கிடந்தன. நான் புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தேன். கனமழைக்கு லீவு விட்டதால் வீட்டுக்கு வந்திருந்தேன். அம்மா அடுப்பில் காரப்பொடி மீன் வறுத்துக்கொண்டிருந்தாள்.

“உக்காரு அத்த” என்றேன்.

“எதுக்கு?”

“வலிக்குதா?”

அதற்குத்தான் இந்தப் பதில். அம்மா கரண்டியும் கையுமாகச் சிரித்துவிட்டாள். “நல்லா கேட்டீங்க அண்ணி. ஏண்டி, பரீட்சையில இதக் கேட்டா மார்க்கு உண்டா?”

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா இன்றைக்கும் பெருவிரலை மையில் ஒற்றுகிறவர். என் வெள்ளைக் கோட்டைத் துவைத்தால் கொல்லைக் கொடியில் போட மாட்டேன். தெருவுக்குத் தெரிகிற மாதிரி வாசல் கொடியில்தான் போடுவேன். அந்தக் கர்வம் எனக்கு இன்னும் இருக்கிறது, இருக்கட்டும். “தெரியும்” என்றேன்.

“தெரியுமா? தெரிஞ்ச வரைக்கும் சந்தோஷம்.”

அம்மா கொடுத்த மீனை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். படியில் காலை இறக்குவதற்கு முன்னால் கதவு நிலையை ஒரு தரம் பிடித்துக்கொண்டாள். பிடித்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன.

அத்தை என்றால் அப்பாவோடு பிறந்தவள் இல்லை. தெரு முறைக்கு அத்தை. எதிர் வரிசையில் மூன்றாவது வீடு. இப்போது அவள் இல்லை. அவளை நினைத்தால் உட்கார்ந்திருக்கும் முகம் ஒன்றுகூட எனக்கு நினைவுக்கு வருவதில்லை. எல்லாம் நின்ற கோலம்தான்.

உப்பளத்தில் பெண்கள் கூட்டத்துக்கு அவள்தான் மேஸ்திரி. பாத்தியில் விளைந்த உப்பை ஆண்கள் நீண்ட பலகையால் வாரி வரப்பில் ஏற்றுவார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளி, தலையில் சுமந்துபோய் மேட்டில் மலைபோலக் குவிப்பார்கள். தலைக்கும் கூடைக்கும் நடுவில் சும்மாடு. பழைய சேலைத் துணியைக் கிழித்து, முறுக்கி, வளையமாகச் சுற்றிய அந்தச் சும்மாடு எங்கள் பக்கத்தில் ஆளுக்கு ஒன்று. ஒருத்தியுடையதை இன்னொருத்தி தொட மாட்டாள். மாற்றிப் போட்டால் தலைவலியும் மாறி வந்துவிடும் என்பார்கள். அம்மாவுடையது மஞ்சள் பூப்போட்டது. அத்தையுடையது நீலக்கரை வைத்த பழுப்பு. வீட்டுக்கு வீடு கொடியில் தொங்குவதைப் பார்த்தே யார் வேலைக்குப் போனார்கள், யார் போகவில்லை என்று சொல்லிவிடலாம்.

மத்தியானம் எல்லோரும் வரப்பில் உட்கார்ந்து தூக்குச் சட்டியைத் திறக்கும்போது அத்தை மட்டும் நின்றுகொண்டே சாப்பிடுவாள். “வரப்புல குந்துனா புண்ணு வரும். நின்னா காலு மட்டும்தான் போவும்” என்பாள். மேட்டில் கீற்றுக் கொட்டகைக்குள் கணக்குப்பிள்ளைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. ஒருநாள் அவர் பெரிய மனசு பண்ணி, “நீ வேணா செத்த உக்காரும்மா” என்று எழுந்திருக்கப் போனாராம். “வேணாங்க. அந்த நாற்காலிக்கு உங்கள வுட்டா யாரு இருக்காங்க, பாவம்” என்றாளாம் அத்தை. அம்மா இதைப் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பாள்.

உப்பையும் ஆட்களையும் ஏற்றிப்போகும் லாரியின் டிரைவர் ஒரு காலத்தில் அவசரக்காரனாக இருந்தான். தூரத்துப் பாத்தியில் வேலை செய்யும் பெண்கள் வந்து சேருவதற்குள் வண்டியை எடுத்துவிடுவான். அவர்கள் வெயிலில் ரோடு வரைக்கும் நடக்க வேண்டும். ஒருநாள் அத்தை லாரிக்கு முன்னால் போய் நின்றாள். அவன் ஹாரன் அடித்தான். அவள் நகரவில்லை. இன்னும் நெருக்கி வந்து அடித்தான்.

“ஏத்துடா. ஏத்திட்டுப் போ. நாளைக்கு உன் வண்டிக்கு எவ உப்பு தூக்குறான்னு பாரு.”

கடைசிப் பெண் வந்து ஏறும் வரைக்கும் இன்ஜின் சூட்டில் முகம் வேர்க்க அப்படியே நின்றாளாம். அதற்குப் பிறகு அவன் காத்திருக்கப் பழகிக்கொண்டான்.

இந்த நிற்கிற குணம்தான் அவளுடைய நோயையும் மறைத்தது. பின்பக்கம் ரத்தம் போவதை வெகுகாலம் மூலச்சூடு என்று சொல்லிக்கொண்டு, கருணைக்கிழங்கு தின்று, மோர் குடித்துச் சமாளித்தாள். அந்த வருஷம் ஆனியில் உப்பு மேட்டில் நின்றபடி மரம்போலச் சாய்ந்தாள். அடிக்குடலில் புற்றுக் கட்டி. ஆடியில் புதுச்சேரியில் ஆபரேஷன். கட்டியை ஆசனவாயோடு சேர்த்து எடுத்துவிட்டு, கீழே தைத்து மூடினார்கள். வயிற்றின் இடப்பக்கம் குடலுக்குப் புதிதாக ஒரு வழி வைத்து, அதன் மேல் பை ஒட்டினார்கள். இனி எந்நாளும் அதில்தான் போகும்.

பையைப் பற்றித் தெருவே குசுகுசுத்தது. அத்தைக்கு அதில் ஒரு கூச்சமும் இல்லை. உப்பளத்துப் பெண்கள் வெயிலுக்குச் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வது வழக்கம். “இப்பதான்டி இந்தச் சட்டைக்கு ஒரு வேல வந்துருக்குது” என்று பையை அதற்குள் விட்டுக்கொண்டாள். ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் பையிலிருந்து பெரிதாகச் சத்தம் வந்தது. வரிசை முழுக்க அவள் பக்கம் திரும்பியது. அத்தை திரும்பிப் பார்த்தாள்.

“என்னா பாக்குறீங்க? உங்களுது பின்னாடி பேசுது, என்னுது முன்னாடி பேசுது. அவ்ளோதான். நகருங்க.”

பையை யாருக்கு வேண்டுமானாலும் காட்டுவாள். வலியைத்தான் காட்ட மாட்டாள்.

அவளோடு ஒருமுறை பஸ்ஸில் போனேன். தையல் பிரித்த பிறகு, புரட்டாசியில் ஒரு செக்கப். ஈ.சி.ஆரில் மத்தியான பஸ், பாதி சீட்டு காலி. அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“யம்மா, உக்காரும்மா. சீட்டு சும்மா கெடக்குது பாரு” என்றார் கண்டக்டர்.

“நீ போய் உக்காரு. நான் டிக்கெட்டு குடுக்கறேன்.”

பஸ்ஸே சிரித்தது. நான் மட்டும் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேகத்தடை வரும் ஒவ்வொரு தடவையும் அவளுடைய கண் இமை ஒரு நொடி மூடித் திறந்தது. டாக்டர் வலி இருக்கிறதா என்று கேட்டபோது, “அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க” என்றாள். டாக்டர் நம்பினார். தைத்த இடம் அன்றைக்கு நன்றாகத்தான் கூடியிருந்தது. “மெத்துனு எதுலயாச்சும் கொஞ்ச நேரம் உக்காந்து பழகுங்க. ரொம்ப நேரம் வேணாம்” என்று அங்கிருந்த நர்ஸ் சொல்லி அனுப்பினார். அத்தை தலையாட்டினாள்.

கார்த்திகைக்கு வருகிறேன். அன்றைக்கு மீன் வாங்கிப்போன மறுநாள் விடியும் வேளை. எங்கள் தெருவில் பாதி வீட்டுக்குத்தான் கக்கூஸ் உண்டு. மற்றவர்கள் வாய்க்கால் ஓரத்துச் சீமைக்கருவேலங்காட்டுக்குத்தான் போக வேண்டும், பெண்கள் சேர்ந்து போவோம். அன்று மழை கொஞ்சம் விட்டிருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு புதர் மறைவில் அத்தை குந்தியிருப்பதைப் பார்த்தேன். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தைத்து மூடியாகிவிட்டது. பை வயிற்றில் இருக்கிறது. இங்கே அவளுக்கு என்ன வேலை?

அவள் பல்லைக் கடித்து முக்கிக்கொண்டிருந்தாள். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. நான் காலை அழுத்தி மிதித்துச் சத்தம் கொடுத்தேன். அவள் எழுந்து சேலையை உதறிக்கொண்டாள்.

“என்னா அத்த இது?”

“வெளிக்கு வர்ற மாதிரியே இருக்குதுடி. உள்ள கல்ல வச்சி அழுத்தறாப்புல. வருது வருதுன்னுது, வரமாட்டுது.” சொன்ன பிறகுதான் என்னிடம் சொல்லிவிட்டோமே என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். முகம் இறுகியது. “போடி. இத உன் அம்மாகிட்ட போய் ஊதாத.”

இப்படி ஒரு உணர்வு வரும் என்று வகுப்பில் படித்திருந்தேன். எடுத்துவிட்ட இடம் இன்னும் இருப்பதுபோலவே உடம்புக்குத் தோன்றும், அது ஆபத்தில்லை. ஆனால் புண் உள்ளுக்குள் கெட்டாலும் அழுத்தும். நோய் திரும்பி வந்தாலும் அழுத்தும். மூன்றும் அவளுக்கு ஒன்றாகவே தெரியும். பார்க்காமல் நானும் எது என்று சொல்ல முடியாது. அதைச் சொன்னேன். அவள் காதில் வாங்காமல் எனக்கு முன்னால் நடந்தாள். அவளுடைய நடை மாறியிருந்தது. இரண்டு கால்களையும் அகட்டி வைத்து நடந்தாள்.

அடுத்த நாள் வெயில் கொஞ்சம் தலைகாட்டியது. தெருவே துணி காயப்போட்டது. அத்தை வீட்டுச் சந்து வழியே பார்த்தால், கொல்லைக் கொடியில் நீலக்கரை வைத்த சும்மாடு தொங்கியது.

அதைப் பார்த்துவிட்டு நான் இரண்டு வீடு தாண்டிப் போய்விட்டேன். பிறகு நின்றேன். உப்பளம் மூடிக் கிடக்கிறது. தையில்தான் திறப்பார்கள். அதுவரைக்கும் எல்லோருடைய சும்மாடும் உத்தரத்தில் செருகிக் கிடக்கும். இவளோ கூடையே தூக்கக் கூடாதவள். இவள் சும்மாடு ஏன் துவைபடுகிறது?

திரும்பி வந்து கொல்லைப் பக்கம் போனேன். துணி இன்னும் ஈரம். துவைத்தும் போகாத கறை, வளையத்தைச் சுற்றி அல்ல, அதன் உள்விளிம்பில். மஞ்சளும் பழுப்புமாக. முகர்ந்து பார்த்தேன். வார்டில் ஒருமுறை வந்தால் மூக்கு மறக்காத சீழ் வாசனை.

உள்ளே போனேன். அத்தை அடுப்படியில் நின்று வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். அவள் புருஷன், உப்பளத்துக்குக் கடல்தண்ணீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்துக்கொள்ளும் மாமா, வாசலில் ரேடியோவைக் கழற்றிப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

“சும்மாட்டுல உக்காந்தியா அத்த?”

அவள் கை நின்றது. “உக்காந்தேன். அதுக்கு என்னா இப்ப?”

“எவ்ளோ நாளா?”

“அந்த நர்சு மெத்துனு எதுலயாச்சும் உக்காருன்னுச்சு. இத்தினி வருஷமா என் தலையத் தாங்குனது. இதத் தாங்காதா? நடுவுல ஓட்ட இருக்குது. தையல் மேல எதுவும் படாது.”

வெளியிலிருந்து மாமா சொன்னார்: “யாரும் பாக்காதப்ப உக்காருவா. நான் உள்ள வந்தா எழுந்துருவா. என் முன்னாடிகூட உக்கார மாட்டா, பாத்துக்க.”

“நீ ரேடியோவப் பாருய்யா.”

அவளுக்கு எப்படிப் புரியவைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் ஓட்டை இருப்பதுதான் கேடு. உடம்பின் எடை முழுக்க வளையத்து விளிம்பில் இறங்கும். சதை இரண்டு பக்கமும் பிதுங்கி விலகும். தைத்த இடம் இழுபட்டுப் பிளக்கும். ஆறிக்கொண்டிருந்த புண்ணைத் தினமும் அவளே உட்கார்ந்து உட்கார்ந்து திறந்திருக்கிறாள்.

“நான் பாக்கணும்” என்றேன்.

“என்னாத்த?”

“புண்ண.”

“செருப்பு பிஞ்சிடும்.”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவணும்.”

“போ. யாரு வேணாம்னா? உன் காலேஜி அங்கதான இருக்குது.”

அவள் நெற்றியைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள். தட்டிய கையும் கொதித்தது.

“சரி அத்த. நீ காட்டற வரைக்கும் நான் இங்கயே நிக்கிறேன்.”

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “யாருகிட்ட? எங்கிட்டயா? நிக்கிறதுல?” வெங்காயத்தை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு எனக்கு எதிரில் சுவரோரமாக நின்றாள். “நில்லு. பாக்கலாம்.”

நின்றோம். மறுபடி தூறல் பிடித்தது. மாமா ரேடியோவை அள்ளிக்கொண்டு உள்ளே வந்தார், இரண்டு பேரையும் பார்த்தார், தேநீர் வைத்தார். ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தார். நின்றபடியே குடித்தோம். அம்மா தேடிக்கொண்டு வந்து வாசலில் நின்று, “என்னாடி, சிலை வக்கிறாங்களா இங்க?” என்று கேட்டாள். மாமா அவளைச் சாடையால் திருப்பி அனுப்பினார்.

எனக்குக் கால் கடுத்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருந்தது. மேலுதட்டில் வேர்வை அரும்பியது. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றினாள். உப்பு மேட்டில் அவள் அப்படி மாற்றி நான் பார்த்ததில்லை. மரம்போலச் சாய்ந்துவிடுவாளோ என்று என் கைகள் தயாராக இருந்தன. விட்டுக்கொடுத்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆனால் அந்தச் சும்மாட்டின் வாசனை என் விரலிலேயே இருந்தது.

“போனா என்னா சொல்லுவாங்க தெரியுமா?” என்றாள் திடீரென்று. குரல் அவளுடையதாகவே இல்லை. “திரும்ப வந்துடுச்சின்னு சொல்லுவாங்க. எடுத்துட்டாங்க இல்ல? எடுத்த எடத்துல ஒண்ணும் இருக்கக் கூடாது இல்ல? அப்புறம் எதுடி அழுத்துது? சொல்லு. எது அழுத்துது?”

மாமாவின் கையிலிருந்த டம்ளர் தரையில் நங்கென்று உட்கார்ந்தது.

“தெரியல அத்த. பாத்தாதான் தெரியும்.”

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். “யோவ், வெளிய போ” என்றாள் மாமாவிடம். பிறகு என்னிடம், “பாத்துத் தொல.”

பார்த்தேன். தைத்த இடம் நடுவில் வாய் பிளந்திருந்தது. ஓரங்கள் சிவந்து தடித்து, உள்ளிருந்து கசிந்துகொண்டிருந்தது. எவ்வளவு ஆழம் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் தகுதியும் அன்று எனக்கு இல்லை. சுத்தமான துணியை மடித்து வைத்து மூடினேன். ஆட்டோவில் குப்புறச் சாய்த்து, தலையை என் மடியில் வைத்து அன்றைக்கே புதுச்சேரிக்குக் கூட்டிப்போனோம். கோட்டக்குப்பம் தாண்டும் வரைக்கும் அவள் என் முழங்காலை இறுகப் பிடித்திருந்தாள்.

ஆபரேஷன் செய்த டாக்டர்தான் பார்த்தார். எதில் உட்கார்ந்தார்கள் என்று கேட்டார். சும்மாடு என்றால் அவருக்குத் தெரியவில்லை, வட இந்தியக்காரர். என் துப்பட்டாவை முறுக்கி மேஜைமேல் வளையமாகச் சுற்றிக் காட்டினேன். அவர் அதன் நடுவில் இரண்டு விரலை வைத்து விரித்துப் பார்த்துவிட்டு, “ஓ” என்றார். உள்ளே சீழ் கோத்திருக்கிறது, திறந்து சுத்தம் பண்ண வேண்டும், அதற்கு முன்னால் ஸ்கேன் என்றார்.

ஸ்கேன் அறைக்கு வெளியே மாமா உட்கார்ந்திருந்தார். அவளை ஸ்ட்ரெச்சரில் ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். முடிவு வர நேரமாகும் என்றார்கள். அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“நீ பொய் சொல்லுவியாடி?”

“மாட்டேன்.”

“திரும்ப வந்துருந்தா?”

“வந்துருந்தா வந்துருக்குன்னு சொல்லுவேன்.”

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மாமா எழுந்துபோய்க் குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினார்.

திரும்ப வரவில்லை. டாக்டரே வந்து சொன்னார். சீழ்தான். புண் மேலே மூடாமல் அடியிலிருந்து மெல்ல ஆற வேண்டும், மாதக்கணக்காகும், தினமும் கட்டு மாற்ற வேண்டும். சீழ் போனால் வலி நிறையக் குறையும். ஆனால் அந்த வெளிக்கு வருகிற அழுத்தம் முழுசாகப் போகாது. எடுத்த இடத்து நரம்புகள் பழைய பழக்கத்தில் இன்னும் தகவல் அனுப்பிக்கொண்டிருக்கின்றன என்று அவர் கொச்சைத் தமிழில் விளக்கினார்.

அத்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு மாமாவைப் பார்த்து, “ஆளு போயிட்டான், அதிகாரம் மட்டும் போவல. நம்ம பழைய கணக்குப்பிள்ளை மாதிரி” என்றாள். ஆஸ்பத்திரிக்கு வந்தபின் அவள் வாயிலிருந்து வந்த முதல் கேலி அது. மாமா சிரிக்க ஆரம்பித்து அழுதார்.

அதன் பிறகு அவளுக்கும் அந்த அழுத்தத்துக்கும் நடந்தது நீண்ட பேரம். அந்த உணர்வு வந்தால் முக்கக் கூடாது, வெறுமனே கொஞ்ச நேரம் உட்கார்ந்து மூச்சை இழுத்து விட்டு எழுந்துவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். “சும்மா குந்திட்டு வான்னா, எதுக்குடி அவ்ளோ தூரம் போறது?” என்று முணுமுணுத்துக்கொண்டே செய்தாள். இலவம்பஞ்சில் தட்டையான தலையணை ஒன்று தைத்துக் கொடுத்தோம். டி.வி.யில் சீரியல் நடக்கும்போது நிற்பாள், விளம்பரம் வந்தால் அதில் உட்காருவாள். விளம்பரம் நீண்டால் திட்டுவாள். பகலில் வலப்பக்கம் சாய்ந்து படுக்கச் சொன்னதுதான் அவளுக்குப் பெரிய அவமானம். பகலில் படுப்பது செத்தவர்களின் வேலை என்பாள்.

லீவு நாட்களில் நான் கட்டு மாற்றினேன். மற்ற நாட்களில் மாமா. மோட்டார் கிரீஸ் ஏறிய கைகளை அவர் சோப்பு போட்டுப் போட்டுக் கழுவுவதைப் பார்க்க வேண்டும். “வாஷர் மாத்துற மாதிரிதான். அழுத்தக் கூடாது, லூசாவும் வுடக் கூடாது” என்பார். “யோவ், நான் என்னா உன் மோட்டாரா?” என்று அவள் தலையணையில் முகம் புதைத்தபடி கத்துவாள். ஆனால் அவர் கையைத் தட்டிவிடவில்லை.

மாசியில் உப்பளத்துக்குப் போனாள். கூடை தூக்க இல்லை, மேட்டில் நின்று வேலை வாங்க. அன்றைக்கு அவள் போவதற்கு முன்னால் நான் ஒன்றே ஒன்று கேட்டேன். காய்ச்சல் வந்தாலோ, நாற்றம் வந்தாலோ, வலி வேறு மாதிரி ஆனாலோ சொல்ல வேண்டும் என்றேன். மறைத்தால் இந்தத் தடவை நான் நின்று பார்க்க மாட்டேன், தெருவைக் கூட்டுவேன் என்றேன்.

“வலி வேஷம் மாத்துனா சொல்றேன். போதுமா நர்சம்மா?” என்றாள். நான் நம்பவில்லை. அடுத்து வந்த மாதங்களில் அவளைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அவள் நடையைத்தான் பார்த்தேன். இமையைப் பார்த்தேன். கொடியைப் பார்த்தேன். நான் படிப்பை முடித்து, புதுச்சேரியிலேயே அறுவை வார்டில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் அந்தப் பயம் விடவில்லை. போன் மணி அடித்தால் அவளாக இருக்குமோ என்று தோன்றும். அவளாக இருக்காது. அவள் வலிக்காக யாருக்கும் போன் செய்கிறவள் இல்லையே.

நோய் கடைசியில் திரும்பித்தான் வந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும். ஆனால் சின்னதாக இருக்கும்போதே பிடித்தார்கள். மருந்தும், ஊரில் கரண்டு வைப்பது என்று சொல்லும் கதிர் வைத்தியமுமாக இன்னும் சில உப்புப் பருவங்களை அவள் பார்த்தாள். பெரும்பாலும் வலி அடங்கிய நாட்களாக. சின்னதாக இருக்கும்போதே பிடித்தது ஸ்கேனும் இல்லை, டாக்டரும் இல்லை.

அது ஒரு பங்குனி மத்தியானம். பாத்திகளில் உப்பு பூத்து, கண் கூசும் வேளை. அந்த மாதத்தில் அத்தை உப்பளத்தை விட்டு ஒரு மணி நேரம்கூட நகர மாட்டாள். எனக்கு வார விடுமுறை. அம்மா காய்ச்சல் என்று வேலைக்குப் போகாமல் படுத்திருந்தாள். வாசலில் நிழல் விழுந்தது. ஆண் சட்டை, புருவமெல்லாம் உப்புப் பொடி. அத்தை.

“ஒரு பாய் போடுடி” என்றாள்.

அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். நான் பாயை விரித்தேன். அத்தை சுவரைப் பிடித்து மெல்ல இறங்கி, பையை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, பட்டப்பகலில், கதவு திறந்திருக்கத் தெருவே பார்க்கும்படி வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்தாள்.

“குறுக்கப் பேசாத, கேளு. பழைய அழுத்தம் அது பாட்டுக்கு இருக்குது, அதப் பத்திப் பேச்சில்ல. இது வேற. உள்ள எடதுபக்கம் ஆரம்பிச்சி தொடை வழியா எறங்குது. போன வாரந்தான் வந்துது. உக்காந்தா அதிகமாவுது, நடந்தாலும் போவல. காய்ச்சல் இல்ல, நாத்தம் இல்ல. நானே பாத்துட்டேன்.” மூச்சு வாங்கினாள். “பயமா இருக்குதுடி.”

“அண்ணி, சூடுதான் ஏறியிருக்கும். கொஞ்சம் நீராகாரம் குடிங்க, சாயங்காலம் பாத்துக்கலாம்” என்று அம்மா எழுந்திருக்கப் போனாள்.

நான் அதற்குள் வார்டுக்குப் போன் போட்டுவிட்டேன். “சிஸ்டர், எங்க அத்தையக் கூட்டிட்டு வரேன். இன்னைக்கே. ஒரு பெட் வச்சிருங்க.”